த்ரில்லர் ஒலிநூல் கேட்கத் தொடங்குவது எப்படி? சேலத்திலிருந்து ஒரு வழிகாட்டி

க்ரைம் நாவல்களையும் த்ரில்லர்களையும் இனி காதால் கேட்கலாம் என்று நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டில் கேட்கிறவர்கள் இரண்டு பேர். எனக்குச் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை. அங்கே நாள் முழுக்கக் கைக்கு வேலை இருக்கும், காது சும்மா இருக்கும். அம்மா பல வருடங்களாகப் பழைய பஸ் ஸ்டாண்டு கடையில் மாத நாவல் வாங்கிப் படித்தவர். சர்க்கரை நோயால் விழித்திரை பாதிக்கப்பட்டு, இப்போது அவருக்கு எழுத்து தெரிவதில்லை. எங்கள் இருவருக்கும் சரியான ஏற்பாடு செய்து முடிப்பதற்குள் பட்ட பாடு கொஞ்சமில்லை. எந்தச் செயலி, எவ்வளவு செலவு, பணப் பிடித்தத்தை எப்படி நிறுத்துவது, எந்த ஆவணத்தை எங்கே கொடுப்பது என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தேடித்தான் தெரிந்துகொண்டேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். த்ரில்லரைப் பொறுத்தவரை முதலில் குரலைத் தேர்ந்தெடுங்கள், கதை அப்புறம். குடும்பக் கதையைச் சுமாரான குரலில்கூடக் கேட்டு முடித்துவிடலாம். மர்மக் கதை அப்படியில்லை. வாசிப்பவர் ஒரே ஒரு பாத்திரத்துக்கு மட்டும் குரலைக் கனமாக்கினால் போதும், கொலையாளி யார் என்று மூன்றாம் அத்தியாயத்திலேயே தெரிந்துவிடும். மிச்சமுள்ள நேரமும் கட்டிய பணமும் வீண்.

1. பணம் கட்டும் முன் ஒரு வாரம் இலவசமாகக் கேளுங்கள்

எல்லோருக்கும் ஒலிநூல் ஒத்துவரும் என்று சொல்ல முடியாது. சிலருக்கு ஐந்து நிமிடத்தில் கவனம் வேறெங்கோ போய்விடும். அதைத் தெரிந்துகொள்ளப் பணம் தேவையில்லை.

ஆங்கிலம் ஓரளவு புரியும் என்றால் லிப்ரிவாக்ஸிலிருந்து தொடங்குங்கள். 2005 முதல் தன்னார்வலர்கள் வாசித்துப் பதிவேற்றும் இலவசத் தளம் அது. காப்புரிமை முடிந்த நூல்கள் மட்டும்தான் அங்கே இருக்கும். ஷெர்லாக் ஹோம்ஸ் சிறுகதைகள் கிடைக்கும், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்தை ஒட்டி முடிந்துவிடும் என்பதால் புதியவர்களுக்குத் தோதானவை. கணக்குத் தொடங்க வேண்டாம், தொலைபேசி எண் கேட்க மாட்டார்கள்.

அங்கே ஒரு சிக்கல் உண்டு. ஒரே நூலைப் பல பேர் பங்குபோட்டு வாசித்த பதிவுகள் நிறைய. முதல் அத்தியாயத்தில் ஒரு துப்பறிவாளர், இரண்டாம் அத்தியாயத்தில் அவருக்கே வேறு குரல், வேறு உச்சரிப்பு. மர்மக் கதையில் இது ஆளைக் குழப்பிவிடும். தேடல் பக்கத்தில் தனி ஒருவர் வாசித்தவற்றை மட்டும் காட்டச் சொல்ல வழி இருக்கிறது. அதை அழுத்திய பிறகு தேடுங்கள்.

தமிழில் காதைப் பழக்க தீபிகா அருணின் ‘கதை ஓசை’யைச் சொல்வேன். அதில் த்ரில்லர் குறைவு. ஆனாலும் ஒருவர் நிதானமாக, ழகரம் சிதையாமல், வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விழுங்காமல் வாசித்தால் எப்படி இருக்கும் என்பதற்கு அது நல்ல அளவுகோல். பிறகு எந்தக் குரலைக் கேட்டாலும் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். பல பேர் நடித்து, இசை சேர்த்த வடிவம் எப்படி இருக்கும் என்று பார்க்க, பாம்பே கண்ணன் தயாரித்த சரித்திர நாவல் ஒலிநூல்களில் ஒரு பகுதியைக் கேளுங்கள். இந்த இரண்டு பாணியில் உங்கள் காதுக்கு எது பிடிக்கிறது என்று இப்போதே தெரிந்துகொண்டால் பின்னால் செலவு மிச்சம்.

யூடியூபில் க்ரைம் நாவல்கள் கொட்டிக் கிடக்கின்றன. அனுமதி வாங்காமல் போட்டவை எப்போது வேண்டுமானாலும் நீக்கப்படும். பாதி நாவலில் இருக்கும்போது மீதிப் பாகங்கள் காணாமல் போனால் த்ரில்லர் கேட்பவருக்கு அதைவிட எரிச்சல் வேறில்லை. அதோடு, மணிக்கணக்கில் உட்கார்ந்து வாசித்தவருக்கும் எழுதியவருக்கும் அதிலிருந்து ஒரு பைசா போகாது. எழுத்தாளரோ பதிப்பகமோ அதிகாரபூர்வமாக நடத்தும் பக்கமா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

2. குரலைச் சோதியுங்கள்

அவசரப்படக் கூடாத படி இதுதான். ஒலிநூல் விற்கும் செயலிகளில் நூலின் பக்கத்திலேயே மாதிரி கேட்க ஒரு பொத்தான் இருக்கும். அதைக் கேட்காமல் எதையும் வாங்காதீர்கள். மாதிரி பெரும்பாலும் நூலின் தொடக்கப் பகுதியாகத்தான் இருக்கும். தொடக்கத்தை யாரும் கவனமாகத்தான் வாசிப்பார்கள். சந்தாச் செயலியாக இருந்தால் நடு அத்தியாயம் ஒன்றுக்குத் தாவி இரண்டு நிமிடம் கேளுங்கள். களைப்பு அங்கேதான் தெரியும். முடிவுப் பகுதிக்கு மட்டும் போய்விடாதீர்கள்.

விசாரணைக் காட்சி கிடைத்தால் நல்லது. இன்ஸ்பெக்டரும் சந்தேகத்துக்கு ஆளானவரும் மாறி மாறிப் பேசும்போது, ‘என்றார்’, ‘கேட்டார்’ வராத இடத்திலும் யார் பேசுகிறார் என்று புரிகிறதா? புரிந்தால் வாசிப்பவர் கெட்டிக்காரர். அதற்காக ஆளுக்கொரு மிமிக்ரி செய்ய வேண்டியதில்லை. என் அனுபவத்தில் சிறந்த வாசிப்பாளர்கள் வேகத்தை மட்டும்தான் மாற்றுகிறார்கள். கேள்வி கேட்பவர் நிதானமாக வருவார். மாட்டிக்கொண்டவர் கேள்வி முடிவதற்குள் பதிலைத் தொடங்குவார். அவ்வளவுதான், நாற்காலி இழுபடும் சத்தம்கூட இல்லாமல் அறை முழுவதும் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

அடுத்தது காட்டிக்கொடுக்கும் குரல். ஒரு நாவலில் வீட்டு வேலைக்காரர் உள்ளே வந்து “ஐயா, காப்பி” என்று சொன்னதுமே அம்மா, “இவன்தான்டா” என்றார். அந்த ஒரு வரிக்கு வாசிப்பவர் தொண்டையை அடக்கி, ‘ஐயா’வுக்குப் பிறகு ஒரு இடைவெளி விட்டிருந்தார். கடைசியில் அவனேதான். எழுதியவர் முந்நூறு பக்கம் கஷ்டப்பட்டு மறைத்ததை வாசிப்பவர் இரண்டு வார்த்தையில் உடைத்துவிட்டார். எல்லாச் சின்னப் பாத்திரங்களையும் ஒரே அக்கறையோடு வாசிக்கிறாரா என்று பாருங்கள். வில்லனுக்கு மட்டும் தனிக் கவனம் தெரிந்தால் அந்த வாசிப்பாளரின் மர்ம நாவல்களை விட்டுவிடலாம். ஆள் கடத்தல், துரத்தல் வகைக் கதைகளுக்கு அவரே நன்றாகப் பொருந்தக்கூடும், ஏனென்றால் அவற்றில் எதிரி யார் என்று முதலிலேயே தெரியும்.

ஆண் வாசிப்பாளர் பெண் பாத்திரத்துக்குக் குரலை மேலே ஏற்றிக் கீச்சென்று பேசினால் என்னால் பத்து நிமிடம்கூடத் தாங்க முடியாது. குரலை மென்மையாக்கினாலே போதும். வட்டார வழக்கிலும் பழக்கதோஷம் ஒன்று பரவியிருக்கிறது. ரவுடி என்றால் சென்னை பாஷை, கிராமத்துக்காரர் என்றால் மதுரைப் பேச்சு. கதை நாமக்கல்லிலோ ஆத்தூரிலோ நடந்தாலும் அதேதான். நம் பக்கத்து ஆள் ஒருவர் கோபத்திலும் ‘என்னங்க, இப்படிப் பண்றீங்க’ என்று மரியாதை குறையாமல் மிரட்டுவதை எந்த ஒலிநூலிலாவது கேட்டால் எனக்குச் சொல்லுங்கள், அன்றைக்கே வாங்குகிறேன்.

பின்னணி இசையைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. அத்தியாயம் மாறும் இடத்தில் பத்து வினாடி வரட்டும். உரையாடலுக்கு அடியில் ஓடவே கூடாது. முக்கியமான தடயம் பெரும்பாலும் அலட்சியமாகச் சொல்லப்படும் ஒரு வரியில்தான் இருக்கும், இசை அதை மூழ்கடித்துவிடும். இடி, கதவுச் சத்தம், பெண் அலறல் எல்லாம் திடீரென்று உரக்க வரும் பதிவுகளை இரவில் கேட்கும் பெரியவர்களுக்குப் போட்டுவிடாதீர்கள்.

இப்போது புதிதாக ஒரு தொல்லை, இயந்திரக் குரல். வாசித்தவர் பெயர் எங்கும் போட்டிருக்காது. நம் எழுத்தில் ககரம், பகரத்துக்கு இரண்டு ஒலிகள் இருப்பதால் இயந்திரம் பெயர்களில் தடுமாறும். கோபியும் பாபுவும் வரும் இடத்தைக் கவனியுங்கள். எஸ்.ஐ., டி.எஸ்.பி. போன்ற சுருக்கங்களை ஒரே சொல்லாக இழுத்தாலும், பிணத்தைக் கண்ட வரியையும் காப்பி குடித்த வரியையும் ஒரே மாதிரி சொன்னாலும் சந்தேகமே வேண்டாம். மனிதர் வாசித்தால் மூச்சு எடுக்கும் சத்தம் எங்காவது கேட்கும். த்ரில்லருக்கு அந்த மூச்சு வேண்டும்.

ஆங்கில த்ரில்லர் கேட்கிறவர்கள் வாங்கும் முன் பதிப்பைப் பாருங்கள். ஒரே நாவலுக்கு அமெரிக்காவில் ஒரு குரல், பிரிட்டனில் வேறு குரல் இருக்கும். ஜாக் ரீச்சர் தொடரை அமெரிக்கப் பதிப்பில் நீண்ட காலம் டிக் ஹில் வாசித்தார், 2018இல் ஸ்காட் பிரிக் அந்த இடத்துக்கு வந்தார். பிரிட்டன் பதிப்பில் ஜெஃப் ஹார்டிங். என் காதுக்கு ஹார்டிங்தான் பொருந்துகிறார், அடிதடியைக்கூட ஆர்ப்பாட்டமில்லாமல் சொல்கிறார். பிரிக் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பாரம் ஏற்றுகிறார் என்று எனக்குத் தோன்றும், அதுவே பிடித்துப்போய் அவர் வாசித்ததை மட்டும் தேடித் தேடிக் கேட்கிறவர்களும் உண்டு. யார் சரி என்பதல்ல, ஒரு தொடரில் நுழையும் முன் இரண்டையும் கேட்டுவிடுங்கள். பாதித் தொடரில் குரல் மாறினால் நாயகனே மாறிவிட்ட மாதிரி இருக்கும்.

ஆங்கிலம் கேட்டுப் பழக்கமில்லை என்றால் ஹ்யூ ஃப்ரேஸர் வாசித்த அகதா கிறிஸ்டி நாவல்களில் தொடங்குங்கள். தொலைக்காட்சியில், கிறிஸ்டியின் துப்பறிவாளர் புவாரோவின் நண்பர் ஹேஸ்டிங்ஸாக நடித்தவர். தெளிவான, அடக்கமான வாசிப்பு, எந்தப் பாத்திரத்தையும் காட்டிக்கொடுப்பதில்லை. பல குரல் பாணி எங்கே உண்மையிலேயே கைகொடுக்கும் என்று அறிய ‘தி கேர்ள் ஆன் தி ட்ரெய்ன்’ ஒலிநூலைக் கேட்கலாம். கதையை மூன்று பெண்கள் சொல்கிறார்கள், ஒலிநூலிலும் கிளேர் கார்பெட், லூயிஸ் பிரீலி, இந்தியா ஃபிஷர் என்று மூன்று பேர் வாசித்திருக்கிறார்கள். காலமும் ஆளும் மாறிக்கொண்டே இருக்கும் அந்தக் கதையை ஒரே குரலில் கேட்டால் திணறிப்போவோம்.

3. செலவுக் கணக்கு போடுங்கள்

கட்டண முறை மூன்று வகை. முதலாவது, மாதம் ஒரு கிரெடிட், அதாவது ஒரு நூல் வாங்கும் உரிமை. ஆடிபிள் செயலி அப்படித்தான், மாதம் 199 ரூபாய்க்கு ஒரு நூல். கட்டும் முன் இன்றைய விலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். கிரெடிட் கொடுத்து வாங்கிய நூல் சந்தாவை நிறுத்தினாலும் உங்களிடமே இருக்கும். பயன்படுத்தாத கிரெடிட் மட்டும் நிறுத்தும்போது போய்விடும், அதனால் கிரெடிட்டைத் தீர்த்த பிறகு நிறுத்துங்கள்.

இரண்டாவது, ஸ்டோரிடெல், குக்கூ எஃப்எம் போன்ற சந்தா முறை. சந்தா இருக்கும் வரை இருப்பதையெல்லாம் கேட்கலாம், நிறுத்தினால் எல்லாம் பூட்டிக்கொள்ளும்.

மூன்றாவது, பத்து நிமிட எபிசோடுகளாக வெட்டி, செயலிக்குள் மட்டும் செல்லும் ‘நாணயம்’ வாங்கித் திறக்கச் சொல்லும் தொடர்கள். ஒவ்வொரு எபிசோடும் யாரோ கதவைத் தட்டும் இடத்தில் முடியும். விலை சின்னதாகத் தெரியும். தொடங்கும் முன் மொத்தம் எத்தனை எபிசோடு என்று பார்த்து, ஒரு எபிசோடின் விலையால் பெருக்கிப் பாருங்கள். தொடர் இன்னும் முடியவில்லை என்றால் பெருக்கவே முடியாது, அதைத் தொடாமல் இருப்பது நல்லது. பள்ளிப் பிள்ளைகள் கையில் உள்ள போனில் இந்த வகைச் செயலிக்குப் பணப் பரிமாற்ற வசதி இருக்கவே கூடாது.

எனக்கு உதவும் கணக்கு, ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு என்பதுதான். பத்து மணி நேர ஆங்கில நாவலை 199 ரூபாய் கிரெடிட்டில் வாங்கினால் மணிக்கு 20 ரூபாய். மூன்று மணி நேரத் தமிழ் மாத நாவலை அதே கிரெடிட்டில் வாங்கினால் மணிக்கு 66 ரூபாய். ஆகவே நீளமான ஆங்கிலத்துக்குக் கிரெடிட், குட்டித் தமிழ் க்ரைமுக்குச் சந்தா. அம்மா போல நாளுக்கு ஒன்று கேட்டு முடிப்பவருக்குச் சந்தாதான் கட்டுப்படியாகும். மாதம் ஒன்று கேட்பவர் வருடச் சந்தா தள்ளுபடியில் மயங்க வேண்டாம். முதலில் ஒரே ஒரு மாதம் கட்டுங்கள். கட்டும் முன் அந்தச் செயலியில் உங்களுக்குப் பிடித்த வாசிப்பாளரின் பெயரைத் தேடி, பத்து நூலாவது வருகிறதா என்று பாருங்கள். நூல் எண்ணிக்கையைப் பெரிதாக விளம்பரம் செய்வார்கள், அதில் உங்களுக்கு ஆகாத குரல்களும் அடக்கம்.

4. ஒரு ரூபாய்ச் சோதனையில் சிக்காதீர்கள்

ஒரு ரூபாய் கட்டினால் ஒரு வாரம் கேட்கலாம் என்று வரும். அந்த ஒரு ரூபாயைக் கட்டும்போதே, யுபிஐயில் தானியங்கிப் பிடித்தத்துக்கும் சேர்த்துச் சம்மதம் கொடுத்திருப்போம். அம்மாவின் கணக்கிலிருந்து இப்படித்தான் ஒரு செயலிக்கு மூன்று மாதத் தொகை மொத்தமாகப் போனது. விளக்கம் கேட்டு எழுதியதற்கு இயந்திரப் பதில்தான் வந்துகொண்டிருந்தது.

பின் நம்பரைப் போடும் முன் திரையில் உள்ள தொகை, எத்தனை நாளுக்கு ஒருமுறை, எந்தத் தேதி வரை என்ற மூன்றையும் படியுங்கள். ஒரு திரைப்பிடிப்பு எடுத்து வையுங்கள், தகராறு வந்தால் அதுதான் ஆவணம். ரிசர்வ் வங்கி விதிப்படி, ஒவ்வொரு பிடித்தத்துக்கும் 24 மணி நேரம் முன்னதாக உங்களுக்குத் தகவல் வர வேண்டும். அது விளம்பரக் குறுஞ்செய்திகளுக்கு நடுவில் வந்து கிடக்கும். 15,000 ரூபாய்க்குள் என்றால் மறுபடி பின் நம்பர் கேட்காமலேயே பணம் போகும்.

செயலியைப் போனிலிருந்து நீக்கிவிட்டால் சந்தா நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நிற்காது. பிளே ஸ்டோர் வழியாகக் கட்டியிருந்தால் அங்கே உங்கள் படத்தைத் தொட்டு, பேமென்ட்ஸ் பகுதியில் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் போய் ரத்து செய்யுங்கள். நேராக யுபிஐயில் கட்டியிருந்தால் ஜிபே, போன்பே போன்ற உங்கள் யுபிஐ செயலிக்குள் ஆட்டோபே பகுதி இருக்கும், அங்கே அந்த அனுமதியை நீக்க வேண்டும். ஒலிநூல் செயலிக்குள்ளும் ஒருமுறை ரத்து கொடுத்துவிடுங்கள். சோதனைக் காலம் முடியும் கடைசி நாளுக்காகக் காத்திருக்காதீர்கள், இரண்டு நாள் முன்பே செய்யுங்கள். எந்தத் தேதி வரை கேட்கலாம் என்று ரத்துத் திரையில் போட்டிருப்பார்கள்.

பணம் போய்விட்டால், பரிவர்த்தனை எண்ணோடு முதலில் செயலிக்கு எழுதுங்கள், கூடவே யுபிஐ செயலியிலும் புகார் பதியுங்கள். பதில் இல்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பேசும்போது பரிவர்த்தனை எண், தேதி, தொகை, நீங்கள் எடுத்து வைத்த திரைப்பிடிப்பு எல்லாம் கையில் இருக்கட்டும்.

5. வீட்டிலேயே பதிவிறக்கம் செய்துகொள்ளுங்கள்

சேலத்துக்குள் இது பெரிய விஷயமில்லை. ஏற்காடு போகிறவர்களுக்கு அவசியம். அடிவாரம் தாண்டியதும் இருபது கொண்டை ஊசி வளைவுகள், வழியெங்கும் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். எஸ்டேட்டுகளுக்குள் போய்விட்டால் சொல்லவே வேண்டாம். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, கொலையாளியின் பெயரைச் சொல்ல வாயைத் திறந்த இடத்தில் வட்டம் சுற்ற ஆரம்பித்தால், மேலே போய்ச் சேரும் வரை அதே நினைப்புதான்.

ஒலித் தரத்தைக் கேபிபிஎஸ் என்ற அளவில் சொல்வார்கள். 64 கேபிபிஎஸ் தரத்தில் ஒரு மணி நேரம் சுமார் 29 எம்பி பிடிக்கும், பத்து மணி நேர நாவல் 300 எம்பிக்குள். 128 என்றால் இரட்டிப்பு. பேச்சுக் குரலுக்கு 64 போதும். நாளுக்கு ஒன்றரை ஜிபி உள்ள சாதாரண ரீசார்ஜில் இது எளிதாக அடங்கும். இரவு படுக்கும் முன் இறக்கி வைத்துவிடுங்கள்.

இறங்கியதா என்று செயலி சொல்வதை நம்பாதீர்கள். போனை விமான முறைக்கு மாற்றி, கடைசி அத்தியாயத்தைத் திறந்து ஒரு வினாடி மட்டும் ஓடவிட்டு நிறுத்துங்கள். ஓடினால் சரி. சில செயலிகள் முதல் சில அத்தியாயங்களை மட்டும் இறக்கிவிட்டு முடிந்தது என்று காட்டும். சென்னைக்கு ஏற்காடு எக்ஸ்பிரஸில் இரவுப் பயணம் போகிறவர்களும் இதே சோதனையைச் செய்துகொள்வது நல்லது.

6. காதுக் கருவியும் பாதுகாப்பும்

ஆடம்பரக் கருவி வேண்டாம். பேச்சு கேட்க முந்நூறு, நானூறு ரூபாய் ஒயர் இயர்போனே போதும். புது போன்களில் ஒயர் சொருகும் துளை இல்லாதவை உண்டு, பார்த்து வாங்குங்கள்.

பட்டறையில் நான் ஒரு காதில் மட்டும்தான் மாட்டுவேன். பற்றவைப்பு நடக்கும் இடத்தில் கேஸ் கசியும் சத்தமும், பக்கத்தில் இருப்பவர் கூப்பிடுவதும் கேட்க வேண்டும். மெருகு மோட்டார் ஓடும்போது நிறுத்திவிடுவேன், அந்த இரைச்சலை மீறிக் கேட்க ஒலியைக் கூட்டினால் காதுக்குத்தான் கேடு. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். ஒலி மூன்று டெசிபல் கூடினால் அந்த நேரம் பாதியாகக் குறையும். அம்மாபேட்டை பக்கம் விசைத்தறி ஓட்டுகிற நண்பர்கள் தறி ஓடும்போது கேட்கவே வேண்டாம். அந்தச் சத்தத்துக்கு மேல் எந்தக் குரலும் பாதுகாப்பான அளவில் கேட்காது.

வண்டி ஓட்டும்போது காதில் எதுவும் வேண்டாம். மலைப்பாதையில் எதிரே வரும் பஸ்ஸின் ஹார்ன்தான் உங்களுக்கு முக்கியம். காரில் ஸ்பீக்கரில் கேட்கலாம் என்பார்கள். த்ரில்லரின் கடைசி அத்தியாயங்கள் ஓட்டுநரின் கவனத்தையும் இழுக்கும், வளைவுகளில் நிறுத்திவிட்டு மேலே போய்க் கேளுங்கள்.

7. வேகத்தையும் மௌனத்தையும் சரிசெய்யுங்கள்

முதல் அத்தியாயத்தைச் சாதாரண வேகத்தில் கேளுங்கள், பெயர்கள் மனதில் பதிய வேண்டும். அப்புறம் 1.2 வரை ஏற்றலாம். அதற்கு மேல் போனால் வாசிப்பவர் வேண்டுமென்றே விட்ட இடைவெளிகள் சுருங்கிவிடும். சில செயலிகளில் மௌனத்தைத் தானாக வெட்டும் வசதி இருக்கிறது, அதை அணைத்துவிடுங்கள். கதவு திறந்ததற்கும் உள்ளே இருப்பது தெரிவதற்கும் நடுவில் உள்ள இரண்டு வினாடிக்காகத்தானே த்ரில்லர் கேட்கிறோம்.

படுக்கையில் கேட்பவர்கள் ஒலியைத் தானாக நிறுத்தும் ஸ்லீப் டைமரை ‘அத்தியாயம் முடியும் வரை’ என்று வையுங்கள். நிமிடக் கணக்கில் வைத்தால் பாதி வாக்கியத்தில் நிற்கும், தூங்கியிருந்தால் எங்கே விட்டோம் என்று தேடும்போது பின்னால் வரும் திருப்பம் காதில் விழுந்துவிடும். கருத்துப் பகுதியைக் கதை முடியும் வரை திறக்க வேண்டாம், யார் கொலையாளி என்று முதல் கருத்திலேயே எழுதியிருப்பார்கள்.

8. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு

வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், அவருக்கு இலவச வழி ஒன்று உண்டு. சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகம் 2016 முதல் இயங்குகிறது. அச்செழுத்தைப் படிக்க முடியாதவர்களுக்கு மட்டுமான நூலகம் அது, தமிழ் நூல்களும் இருக்கின்றன. பல நூல்கள் எழுத்து வடிவில்தான் இருக்கும், போனின் குரல் அதைப் படிக்கும். இரண்டாம் படியில் இயந்திரக் குரலைப் பற்றிச் சொன்னதெல்லாம் இங்கேயும் பொருந்தும். ஆனால் எந்தச் செயலியிலும் ஒலிநூலாக வராத பழைய நாவலைப் படிக்க வேறு வழியில்லாதவருக்கு அது பெரிய உதவி.

உறுப்பினராக மாற்றுத்திறனாளி சான்று தேவைப்படும். மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டையான யுடிஐடி இல்லை என்றால் முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள். அதற்கான அரசுத் தளமான ஸ்வாவ்லம்பனில் இணையவழியாகச் செய்யலாம். ஆதார், சமீபத்திய புகைப்படம், கையெழுத்து அல்லது கைரேகை, முகவரிச் சான்று எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். ஆதாரில் உள்ள பெயரும் மருத்துவச் சீட்டுகளில் உள்ள பெயரும் ஒரே மாதிரி இருக்கட்டும், இனிஷியல் முன்னால், பின்னால் என்று மாறியிருந்தால்கூட இழுத்தடிக்கும். ஆதாரில் உள்ள போன் எண் இப்போது பயன்பாட்டில் இருக்க வேண்டும், ஓடிபி அதற்குத்தான் வரும்.

பிறகு அரசு மருத்துவமனையில் பரிசோதனை. நம் மாவட்டத்தில் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. போகும் முன் எந்தக் கிழமையில் கண் மருத்துவர் சான்றுக்குப் பார்க்கிறார் என்று கேட்டுவிட்டுப் போங்கள், வயதானவரை வீணாக வரிசையில் நிறுத்த வேண்டாம். பழைய ஸ்கேன், லேசர் சிகிச்சைச் சீட்டு, சர்க்கரை அளவுச் சீட்டு எல்லாம் மூலமும் நகலும் எடுத்துச் செல்லுங்கள். கண்ணில் சொட்டு மருந்து போடுவார்கள் என்பதால் துணைக்கு ஆள் வேண்டும். சான்றும் அட்டையும் கிடைக்க விதிப்படி மூன்று மாதம் வரை ஆகலாம். குறைபாடு 40 முதல் 79 சதவீதம் வரை என்றால் அட்டை மஞ்சள், 80 முதல் நீலம். 40க்குக் கீழே வெள்ளை. சந்தேகம் இருந்தால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்கலாம்.

அட்டை வரும் வரை சும்மா இருக்க வேண்டாம். அந்த இடைவெளியில் அவருடைய போனில், திரையில் உள்ளதைக் குரலில் சொல்லும் டாக்பேக் வசதியைப் பழக்குங்கள், ஒலிநூல் செயலியை முகப்புத் திரையின் கீழ் மூலையில் வையுங்கள், விரலால் தடவினாலே கிடைக்க வேண்டும். முதல் நூலாகப் பத்து மணி நேர நாவலைக் கொடுக்காதீர்கள். அவர் முன்பு படித்து ரசித்த, முடிவு தெரிந்த குட்டி நாவல் ஒன்றை நல்ல குரலில் தேடிப் போடுங்கள். கதையைத் துரத்தும் கவலை இல்லாததால் பொத்தான்களும் குரலும் கைக்கும் காதுக்கும் பழகிவிடும். புது மர்மத்தை அதற்கடுத்த வாரம் தொடங்கலாம்.